எஸ்ஐபி-யா, கிரெடிட் கார்டு கடனா... முதலில் எது? சம்பளக் குடும்பங்கள் மாற்றிப் போடும் வரிசை

ராத்திரி பதினோரு மணி. ரீல்ஸில் ஒருவர் பேசுகிறார்: "மாசம் 5,000 ரூபாய் எஸ்ஐபி போடுங்க, ரிட்டயர் ஆகும்போது கோடீஸ்வரர்." பார்த்துக்கொண்டிருந்தவர் உடனே ஆப்பைத் திறந்து எஸ்ஐபி-யைத் தொடங்கிவிடுகிறார். நாலு நாள் கழித்து, அதே போனில் கிரெடிட் கார்டு பில் வருகிறது. மொத்தம் 80,000 ரூபாய். கீழே 'மினிமம் டியூ' 4,000 ரூபாய். "இந்த மாசம் இதைக் கட்டிடுவோம், மீதியை போனஸ் வந்ததும் பாத்துக்கலாம்" என்று 4,000-ஐ மட்டும் தட்டிவிட்டுத் தூங்கப் போகிறார்.

முதலீடும் செய்தாச்சு, பில்லும் கட்டியாச்சு. பொறுப்பான ஆள் என்ற திருப்தி. ஆனால், அந்த இரண்டு தட்டலில் ஒன்று மற்றொன்றைத் தின்றுகொண்டிருக்கிறது. இன்றைய சம்பளக் குடும்பங்கள் பலவற்றில் பிரச்னை, சேமிக்கத் தெரியாதது அல்ல. எதை முதலில் செய்வது என்ற வரிசை தலைகீழாக இருப்பதுதான்.

நூற்றுக்கு மூன்றரை வட்டி

ஊரில் யாராவது "நூத்துக்கு மூன்றரை வட்டி, வாங்கிக்கிறியா?" என்று கேட்டால், வேலைக்குப் போகும் எந்த இளைஞரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அது மீட்டர் வட்டிக்குப் பக்கத்து வீடு என்று தெரியும். ஆனால், கிரெடிட் கார்டில் முழுத் தொகையைக் கட்டாமல் விட்டால், பல கார்டுகளில் வசூலிக்கப்படுவது மாசத்துக்கு 3.5% அளவிலான வட்டிதான். அதாவது அதே மூன்றரை வட்டி. வருஷத்துக்கு 42%. அந்த வட்டியின் மேல் 18% ஜிஎஸ்டி தனி. எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 50%.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. பில்லை முழுசாகக் கட்டாத மாதத்தில், புதிதாக வாங்கும் பொருளுக்கும் 'வட்டியில்லாக் காலம்' கிடைக்காது. மளிகைக்கு கார்டைத் தேய்த்தால், தேய்த்த நாளில் இருந்தே வட்டி ஓடத் தொடங்கும். "45 நாள் வட்டி கிடையாதே" என்ற கணக்கு, முழுத் தொகையையும் கட்டுபவருக்கு மட்டும்தான்.

குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டிவந்தால் கடன் அடைய மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஆகும் என்று பில்லிலேயே எச்சரிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பில்லில் அந்த வரி இருக்கிறது. பொடி எழுத்தில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை. பெரிய எழுத்தில் தெரிவது 'மினிமம் டியூ' மட்டும்தான். 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் கார்டு வட்டிக்கு 30% என்று உச்சவரம்பு விதித்திருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. எனவே, வட்டிக்கு யாராவது கடிவாளம் போடுவார்கள் என்று காத்திருப்பதில் பலனில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

உதாரணத்துக்கு, கோவை சரவணம்பட்டியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளலாம். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் 42,000 சம்பளம். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 16,000. மொத்தம் 58,000 ரூபாய். வாடகை 12,000, மளிகை, பால், கேஸ், கரண்ட் 14,000, பிள்ளையின் ஃபீஸ், வேன் 5,000, பெட்ரோல், பஸ் 4,000, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 5,000, போன், மருந்து 3,000, டூவீலர் இஎம்ஐ 4,000. ஆக செலவு 47,000. மிச்சம் 11,000. அதில் 5,000 எஸ்ஐபி, 4,000 கார்டு மினிமம் டியூ, 2,000 கைச்செலவு.

கார்டில் நிற்கும் கடன் 80,000. இனி அந்தக் கார்டில் ஒரு ரூபாய்கூட செலவு செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். 9,000 ரூபாயை ஒரு வருஷத்துக்கு மூன்று விதமாகப் பயன்படுத்திப் பார்த்தால்:

வழி 1: எஸ்ஐபி 5,000, பாக்கியில் 5% மினிமம் டியூ. வருஷ முடிவில் கார்டுக்குக் கட்டியது சுமார் 45,800 ரூபாய். ஆனால் கடன் குறைந்ததோ சுமார் 8,000 மட்டுமே. இன்னும் 72,000 பாக்கி. வட்டியும் ஜிஎஸ்டியுமாகப் போனது 37,800. எஸ்ஐபி ஆண்டுக்கு 12% வளர்ந்தது என்று வைத்தால்கூட (அதற்கு உத்தரவாதம் கிடையாது) அதில் சுமார் 64,000 இருக்கும். மினிமம் டியூ குறைந்ததில் மிச்சம் 2,200. கூட்டிக் கழித்தால், குடும்பம் ஏறத்தாழ 6,000 ரூபாய் பள்ளத்தில்.

வழி 2: எஸ்ஐபி-யை நிறுத்திவிட்டு 9,000-ஐயும் கார்டுக்கே கட்டுவது. பன்னிரண்டாவது மாதம் கடன் முடிந்துவிடும். வட்டி, ஜிஎஸ்டி சுமார் 21,800. கையில் மிச்சம் 6,000 ரூபாய்க்குச் சற்று மேல்.

வழி 3: வங்கியில் 10% வட்டிக்கு 80,000 ரூபாய் நகைக்கடன் வாங்கி, கார்டை ஒரே அடியாக அடைத்துவிட்டு, மாசம் 9,000 வீதம் நகைக்கடனைக் குறைப்பது. பத்தாவது மாதம் நகை வீட்டுக்கு வந்துவிடும். மொத்த வட்டி சுமார் 3,500 ரூபாய். வருஷ முடிவில் கையில் 24,500. பரிசீலனைக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம் போனாலும் பெரிய வித்தியாசம் வராது.

அதே குடும்பம், அதே 9,000 ரூபாய். முதல் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் இடையில் ஒரே வருஷத்தில் 30,000 ரூபாய் வித்தியாசம். ஓர் ஆசிரியையின் ஏறத்தாழ இரண்டு மாசச் சம்பளம். பங்குச்சந்தையில் ஆண்டுக்கு 50% லாபம் தரும் திட்டம் என்று யாராவது சொன்னால் அது மோசடி என்று ஓடிவிட வேண்டும். ஆனால் கார்டு கடனை அடைப்பது என்பது, ரிஸ்க்கே இல்லாமல் 50% மிச்சப்படுத்துவதற்குச் சமம். அதைவிட நல்ல 'முதலீடு' எந்த ஆப்பிலும் கிடையாது.

ஏற்கெனவே எஸ்ஐபி-யில் பணம் சேர்ந்திருந்தால், நகையைத் தொடுவதற்கு முன் அதை எடுத்து கார்டை அடைப்பதே சரி. பல பங்கு ஃபண்டுகளில் ஒரு வருஷத்துக்குள் எடுத்தால் 1% அளவில் வெளியேறும் கட்டணம் உண்டு. வரி சேமிப்பு ஃபண்டாக இருந்தால் மூன்று வருஷம் எடுக்க முடியாது. 1% போகிறதே என்று யோசித்து, மாசத்துக்கு மூன்றரை சதவீதம் கட்டுவதில் அர்த்தம் இல்லை.

நகை யாருடையது?

மூன்றாவது வழி கணக்கில் சுலபம். வீட்டில் அப்படி இல்லை. கார்டு பெரும்பாலும் கணவர் பெயரில், நகை மனைவியுடையது. அம்மா வீட்டில் போட்டது, சீமந்தத்துக்கு வந்தது. அது அவருடைய சொத்து, அவருடைய பாதுகாப்பு. "உன் வளையலைக் குடு, வச்சு அடைச்சிடலாம்" என்று ஒரு நாள் திடீரென்று கேட்பது நிதித் திட்டமிடல் அல்ல. கடன் எவ்வளவு, எப்படி வந்தது, எந்த மாதம் நகை திரும்பும் என்று எல்லாவற்றையும் மேஜையில் வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். அவர் "வேண்டாம்" என்றால், இரண்டாவது வழி இருக்கவே இருக்கிறது. 18,000 ரூபாய் கூடுதல் வட்டி, நம்பிக்கை உடைவதைவிட மலிவு.

சம்மதம் கிடைத்தாலும் மூன்று விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். ஒன்று, தேவைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 2.5 லட்சம் ரூபாய் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85% வரை கொடுக்கலாம் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி விதியைத் தளர்த்தியது. கடன் தருபவர் "இன்னும் 40,000 கிடைக்கும் சார்" என்பார். கிடைக்கும் என்பதற்காக வாங்கினால், தங்கம் விலை இறங்கும்போதும் தவணை தவறும்போதும் நகை ஏலத்துக்கு நெருங்கிவிடும்.

இரண்டு, வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் பழக்கம் கூடாது. மாசாமாசம் அசலிலும் கட்ட வேண்டும். சம்பளம் வந்த அன்றே கட்டுகிற மாதிரி வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று, கார்டின் லிமிட்டை அன்றே குறைக்கச் சொல்லிவிட வேண்டும். முடிந்தால் கார்டையே மூடிவிடலாம். அடைத்த கார்டில் 80,000 லிமிட் மறுபடி பளிச்சென்று திறந்திருக்கும். ஆறு மாசத்தில் அதுவும் நிறைந்து, நகையும் கடையில் இருந்தால், ஒரு கடன் இரண்டாகிவிடும்.

எஸ்ஐபி-க்கு முன் வரவேண்டியவை

கார்டு கடன் முடிந்ததும் எஸ்ஐபி-க்கு ஓடிவிட வேண்டுமா? இன்னும் இல்லை. அந்த 80,000 எப்படி வந்தது என்று பார்த்தால், பல வீடுகளில் காரணம் ஆடம்பரம் அல்ல. அப்பாவுக்கு ஆஸ்பத்திரி, பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன், வேலை மாறியபோது ஒரு மாசச் சம்பளம் தள்ளிப்போனது. கையில் ரொக்கம் இல்லாததால் கார்டு வந்தது. அந்த ஓட்டையை அடைக்காமல் முதலீடு செய்தால், அடுத்த ஆஸ்பத்திரி பில் மறுபடி கார்டில்தான் விழும்.

அந்தக் காலத்துப் பாட்டிகள் அரிசி டின்னிலும் அஞ்சறைப் பெட்டியிலும் நோட்டை மறைத்து வைத்தது இதற்குத்தான். அதற்கு வட்டி வரவில்லை. ஆனால் நடு ராத்திரியில் யாரிடமும் கைநீட்ட வேண்டியதும் வரவில்லை. இன்றைக்கு அந்த டின் வேறு மாதிரி இருக்கலாம்: யுபிஐ-யில் இணைக்காத தனி வங்கிக் கணக்கு, அதோடு எப்போது வேண்டுமானாலும் உடைக்கக்கூடிய எஃப்டி. கையில் சுலபமாகச் சிக்கக் கூடாது. அவசரத்துக்கு ஒரே நாளில் கிடைக்கவும் வேண்டும். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு என்பதால் இந்தத் தொகை பத்திரம்.

எவ்வளவு? குறைந்தது மூன்று மாசச் செலவு. சரவணம்பட்டி தம்பதிக்கு அது 1,41,000 ரூபாய். மாசம் 9,000 வீதம் 16 மாதம் ஆகும். பெரிதாகத் தெரிந்தால், முதல் இலக்காக ஒரு மாசச் செலவான 47,000-ஐ வைக்கலாம்; ஆறு மாசத்துக்குள் எட்டிவிடும்.

இன்ஷூரன்ஸ்: வரிக்காக இல்லை, வீட்டுக்காக

அவசரப் பணம் சேரும் வரைகூடக் காத்திருக்காமல் எடுக்க வேண்டியது காப்பீடு. இரண்டே போதும்: ஒரு டேர்ம் பாலிசி, ஒரு மருத்துவ பாலிசி.

"கம்பெனியில மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இருக்கே" என்பது வழக்கமான பதில். வேலை போகும் நாளில் அதுவும் போய்விடும். வேலையும் இல்லாமல் காப்பீடும் இல்லாமல் இருக்கும் மாதத்தில்தான் குடும்பம் உண்மையிலேயே கவிழும். சின்னத் தொகைக்காவது சொந்தமாக ஒரு மருத்துவ பாலிசி இருப்பது அதற்குத்தான். ஊரில் தனி ரேஷன் கார்டில் இருக்கும் பெற்றோரின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

டேர்ம் பாலிசியில் கட்டிய பணம் திரும்பி வராது என்பதுதான் பலருக்கு உறுத்தல். பைக் இன்ஷூரன்ஸும் திரும்பி வருவதில்லை. அதை யாரும் நஷ்டம் என்பதில்லை. பணம் திரும்பி வரும் எண்டோவ்மெண்ட் பாலிசியில், அதே பிரீமியத்துக்குக் கிடைக்கும் ஆயுள் பாதுகாப்பு மிகச் சிறியது. சம்பாதிப்பவர் இல்லாமல் போனால், அந்தத் தொகை ஒரு வருஷ வாடகைக்குக்கூடக் காணாது.

முன்பெல்லாம் மார்ச் மாதம் வந்தால் "80சி-க்காக" ஒரு பாலிசி தலையில் கட்டப்படும். இப்போது அந்தச் சாக்கும் இல்லை. புதிய வரி முறையில் 80சி கழிவே கிடையாது. 2025-26 நிதியாண்டு முதல் அந்த முறையில் சம்பளக்காரர்களுக்கு ஆண்டுக்கு 12.75 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. வரிக்காக வேண்டாத பாலிசி வாங்கிய காலம் முடிந்தது. வேண்டிய பாலிசியின் விலை குறைந்திருக்கிறது.

கையில் காசே இல்லை என்றாலும் இரண்டு திட்டங்கள் உண்டு. ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடு தரும் ஜீவன் ஜோதி; 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் சுரக்ஷா. இரண்டும் வங்கிக் கணக்கு வழியாகவே எடுக்கலாம். இது போதாது, ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

'ஆனால், எஸ்ஐபி பழக்கம் விட்டுப்போகுமே?'

இந்த வரிசைக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. மனிதர்கள் கால்குலேட்டர் அல்ல. எஸ்ஐபி-யை நிறுத்தினால் அந்த 5,000 கார்டுக்குப் போகாது, ஸ்விகிக்கும் சேலுக்கும் போய்விடும் என்பார்கள். கூட்டு வட்டியின் பலன் சீக்கிரம் தொடங்குபவருக்கே அதிகம் என்பதும் உண்மை.

இதில் பாதி நியாயம் இருக்கிறது. எனவே, பழக்கம் முக்கியம் என்பவர் 500 ரூபாயில் எஸ்ஐபி-யை உயிரோடு வைத்திருக்கலாம். மீதி 4,500-ஐ கார்டுக்கு, சம்பளம் வந்த மறுநாளே ஆட்டோ டெபிட்டில் போகும்படி செய்துவிட வேண்டும். தானாகப் பிடித்துக்கொள்ளும் வசதி ஃபண்டுக்கு மட்டும் சொந்தமல்ல. பிஎஃப் பிடிக்கப்படும் வேலையில் இருப்பவர் ஏற்கெனவே நீண்டகால சேமிப்பு ஒன்றைச் செய்துகொண்டுதான் இருக்கிறார். 2024-25-க்கு அதற்கு 8.25% வட்டி. ஒரு வருஷம் எஸ்ஐபி இல்லாததால் எதிர்காலம் இருண்டுவிடாது. கூட்டு வட்டி கடனுக்கும் வேலை செய்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அங்கே அது இன்னும் வேகமாக வேலை செய்கிறது.

எல்லாக் கடனையும் அடைத்துவிட்டுத்தான் முதலீடு செய்ய வேண்டும் என்பதும் இல்லை. 8 அல்லது 9% வட்டியில் ஓடும் வீட்டுக்கடன் அது பாட்டுக்கு ஓடட்டும். கோடு போட வேண்டியது வட்டி விகிதத்தில். 12 சதவீதத்துக்கு மேல் உள்ள எந்தக் கடனும் - கார்டு பாக்கி, பர்சனல் லோன், ஆப் லோன் - எஸ்ஐபி-க்கு முன்னால் நிற்க வேண்டும். உண்மையான வட்டி எவ்வளவு என்று தெரியவில்லையா? 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு தரப்படும் சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளை கொடுக்க வேண்டும் என்பது விதி. கேட்டு வாங்கலாம்.

'நோ காஸ்ட் இஎம்ஐ'-யும் இந்தப் பட்டியலில்தான் வரும். பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று இல்லை, அதை மறைத்து விற்கக் கூடாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் கொடுத்தாலும், அதன் மேலான ஜிஎஸ்டியும் பரிசீலனைக் கட்டணமும் வாடிக்கையாளர் தலையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

இந்த வரிசையை மாற்றுவதற்கு ஆலோசகர் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்த பிறகு, கணவனும் மனைவியும் ஒரு நோட்டுடன் உட்கார்ந்தால் போதும்.

- எல்லாக் கடனையும் வட்டி விகிதத்தோடு எழுதுவது. சீட்டுப் பாக்கி, நண்பரிடம் வாங்கிய கைமாற்று உட்பட. அதிக வட்டி மேலே.
- இருவருமே தங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பது. ஒவ்வொரு நிறுவனத்திடமும் வருஷத்துக்கு ஒருமுறை இலவசம். மறந்துபோன கடன், தெரியாமல் வாங்கிய கடன் இரண்டும் அதில் தெரிந்துவிடும்.
- கார்டு பில்லுக்கு ஆட்டோ டெபிட் 'மினிமம் டியூ'வில் இருக்கிறதா, 'முழுத் தொகை'யில் இருக்கிறதா என்று பார்ப்பது. முதலாவதில் இருந்தால் கடன் முடிந்ததும் மாற்றுவது.
- வங்கிக் கணக்கு, பிஎஃப், பாலிசி எல்லாவற்றிலும் நாமினி பெயர் யார் என்று சரிபார்ப்பது. கல்யாணத்துக்கு முன் போட்ட பெயரே இன்னும் இருக்கக்கூடும்.
- ஒரு தாளில் எல்லா விவரத்தையும் எழுதி, இருவருக்கும் தெரிந்த இடத்தில் வைப்பது.

இதில் கஷ்டமானது முதல் வரிதான். மறைத்து வைத்த கார்டு பாக்கியை வாய்விட்டுச் சொல்வது எளிதல்ல. பணக் கஷ்டத்தைவிட, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே பல வீடுகளில் பெரிய செலவு. நூற்றுக்கு மூன்றரை வட்டியில் அந்த மௌனம் மாசாமாசம் வளர்ந்துகொண்டே போகும்.

கார்டு, கையிருப்பு, காப்பீடு. இந்த மூன்றும் சரியான பிறகு தொடங்கும் எஸ்ஐபி, நடுவில் நிறுத்த வேண்டிய அவசியம் இல்லாமல் பல வருஷம் ஓடும். அப்படி ஓடும்போதுதான் ரீல்ஸில் சொன்ன கணக்குக்கும் கொஞ்சமாவது வாய்ப்பு உண்டு.